புதுச்சேரி நாத்தம்

முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டுதான் தையலம்மாள் புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கினாள். வில்லியனூரில் ஏறியதிலிருந்து எதிரே உட்கார்ந்திருந்தவன் பிடித்த சுருட்டு அவள் குடலைப் புரட்டியிருந்தது. பின்னாலேயே குடையோடு இறங்கினாள் மருமகள் ஆதிலட்சுமி.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறியது. தெருவெல்லாம் சேறு, சேற்றில் குதிரைச் சாணமும் அழுகிய வாழையிலையும். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரன் ஒருவன் சுவரோரம் மூக்கைச் சிந்திப் போட்டான். தையலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காறித் துப்பினாள். இந்த ஊரில் மனுஷர்கள் எப்படித்தான் சோறு தின்கிறார்களோ என்று முணுமுணுத்தாள்.

வந்தது ஆதிலட்சுமிக்காகத்தான். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் வயிறு திறக்கவில்லை. மகன் மணவாளனுக்கு இரண்டாந்தாரமாக மண்ணாடிப்பட்டில் ஒரு பெண்ணைத் தையலம்மாள் பேசி வைத்துவிட்டாள். கார்த்திகை பிறந்ததும் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. மணவாளன் அம்மா சொன்னதற்குத் தலையாட்டினான்.

தையலம்மாளின் புருஷன் சுப்பராயலு மட்டும் மறித்தார். டவுனில் இருக்கிற டாக்டரம்மாவிடம் ஒரு தடவை காட்டு, அவளும் வழியில்லை என்று சொல்லிவிட்டால் உன் இஷ்டம் என்றார். வயலில் வெள்ளம் ஏறிவிட்டதால் ஆண்கள் வர முடியவில்லை. மாமியாரும் மருமகளுமாகக் கிளம்பினார்கள்.

போகிற வழியில் யாரோ ஒருத்தி, அக்கா தங்கச்சியா என்று கேட்டுவிட்டாள். பதினைந்து வயதில் மகனைப் பெற்றவள்; இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இவளோடு தன்னைச் சேர்த்துப் பார்த்தார்களே என்று தையலம்மாளுக்கு உடம்பு கூசியது.

பெரிய கடைச் சந்தை ஓரம் மீன்கூடைகள் நனைந்து கிடந்தன. செதிலும் குடலும் தண்ணீரோடு காலடியில் ஓடி வர, அவளுக்குக் குமட்டியது. போன மாசி மகத்துக்கு வந்தபோது இதே இடத்தில் குந்தி, மோந்து மோந்து பார்த்துக் கருவாடு வாங்கிப் போனவள் அவள். இன்று கண்ணை மூடிக்கொண்டு கடந்தாள்.

சோடா வாங்கி வரட்டுமா என்று ஆதிலட்சுமி அவள் கையைப் பிடித்தாள்.

"தொடாதடி. ஒன் தலையெண்ண நாத்தமே எனக்கு ஆவல."

ஆதிலட்சுமி கையை எடுத்துக்கொண்டாள். குடையை மட்டும் மாமியார் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு வந்தாள்.

பெரிய வாய்க்கால் மழையில் கரை முட்ட, கறுப்பாக ஓடியது. செத்த நாய் ஒன்று உப்பி மிதந்து போயிற்று. வாய்க்காலைத் தாண்டினால் வெள்ளைக்காரர் தெருக்கள் கழுவி விட்டதுபோல இருந்தன. ஆனால் அங்கே அடுப்பில் வெந்த ரொட்டியின் புளிப்பு வாடை அவளை விரட்டியது.

டாக்டரம்மா ஆதிலட்சுமியை உள்ளே அழைத்துப் போய் நிதானமாகப் பார்த்தாள். பிறகு தையலம்மாளைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, அடுத்த தடவை உங்கள் மகனை அனுப்புங்கள் என்றாள்.

தையலம்மாளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

"எம்புள்ளைக்கு இன்னா கொறை?" என்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் மருந்து நெடி தலைக்கு ஏறியது. வாயைப் பொத்துவதற்குள் பளபளக்கும் தரையில் அத்தனையும் கக்கிவிட்டாள்.

காலையில் குடித்த கூழ் அது. தன்னுடையதைப் பார்க்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது. டாக்டரம்மா அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினாள். ஆதிலட்சுமி யாரும் சொல்லாமலே தரையைத் துடைத்தாள். குழாயடியில் கையைக் கழுவிவிட்டு வந்து காத்திருந்தாள்.

கதவு திறந்தபோது தையலம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டரம்மா ஆதிலட்சுமியை அருகில் அழைத்து, தணிந்த குரலில் விவரம் சொல்லி அனுப்பினாள்.

திரும்பும் ரயிலில் தையலம்மாள் யாரையும் திட்டவில்லை. பக்கத்திலிருந்தவன் வெற்றிலைச் சாற்றை ஜன்னலில் ஒழுகவிட்டதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. வில்லியனூரில் இறங்கி மாட்டுவண்டியில் ஏறியதும், அவளே மருமகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"மண்ணாடிப்பட்டுக்கு ஆள் அனுப்பி, பொண்ணு வேணாம்னு சொல்லிடணும்."

ஆதிலட்சுமி நம்ப முடியாமல் அவள் முகத்தைப் பார்த்தாள். தையலம்மாள் தலையைத் தூக்கவில்லை. வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியபோது, மெதுவாக ஓட்டும்படி ஆதிலட்சுமிதான் வண்டிக்காரனுக்குச் சொன்னாள்.

அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்த சுப்பராயலு, முழங்கால்வரை சேற்றோடு வாசலுக்கு ஓடி வந்தார். மனைவியைக் கேட்க அவருக்குப் பயம். மருமகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இன்னாம்மா சொன்னாங்க? இந்த வூட்டுல புள்ளச் சத்தம் கேக்குமா, கேக்காதா?"

ஆதிலட்சுமி மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"வைகாசியில கேக்குமாம், மாமா."

சுப்பராயலுக்குக் கண் கலங்கிவிட்டது. சேற்றுக் கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். இத்தனை நாள் இந்தப் பெண்ணைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் இப்போதாவது வெட்கப்படு என்றார். இனிமேல் பிள்ளைத்தாய்ச்சியைக் குடம் தூக்க விடாதே, முதலில் உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வை என்றார்.

தையலம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அவளுக்கு இல்ல. எனக்கு."