ஏற்கெனவே கேட்டாயிற்று

மார்பில் இருப்பது வெறும் நீர்க்கட்டி என்று மகள் வெண்ணிலாதான் ரிப்போர்ட்டை வாங்கி வந்து சொல்லியிருந்தாள். கட்டி பெரிதாகிக்கொண்டே போனது. புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று, இன்னொரு டாக்டரிடம் காட்ட திலகவதி தனியாகவே பஸ் ஏறினாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பெயரையும் ஊரையும் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க ரிப்போர்ட்ட ஏப்ரல்லயே பாத்து, புத்துநோய்தான்னு சொல்லிட்டேனேம்மா. உடனே ஆபரேஷன் பண்ணணும்னேன். கல்யாணம் முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன்னு உங்க பொண்ணு சொல்லிட்டுப் போனாங்க. இன்னும் முடியலையா?"

கல்யாணம் வைகாசியில் முடிந்தது. இப்போது கார்த்திகை. தலைதீபாவளிக்கு வந்த வெண்ணிலா நான்கு நாள் தங்கி, அம்மா கையால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனாள். கட்டி வலிக்கிறது என்றதற்கு, "அது அப்படித்தாம்மா இருக்கும், மாப்பிள்ளை வீட்ல யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க" என்றாள். பெண் எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறாள் என்று அன்று திலகவதி பூரித்துப்போனாள்.

"இனிமே என்ன பண்ண முடியும்னு பாக்கணும். கூட யார் வந்திருக்கா?" என்றாள் டாக்டரம்மா.

திலகவதி வேறொன்றைக் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னப்ப அவ அழுதாளா டாக்டர்?"

டாக்டரம்மா யோசித்துப் பார்த்தாள்.

"ஞாபகம் இல்லையேம்மா" என்றாள்.