இடப்பக்கத்துப் படகு

மணக்குடிக் காயலில் காலை வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. கரையோரம் இரண்டு மிதவைப் படகுகள். ஒரே நீலக் கூரை, ஒரே வெள்ளை இருக்கைகள். "எதுல ஏறணும்னு எங்க மருமவன் சொல்லட்டு. அவரு துபாயில பெரிய போட்டுக்கு கேப்டனாக்கும்," என்று படகுக்காரரிடம் உரக்கச் சொல்கிறார் மாமனார். லீவில் வந்திருக்கும் ஜான்ரோஸ் குனிந்து, உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று இரண்டு படகின் மிதவைகளையும் விரல்முட்டியால் தட்டிப் பார்க்கிறான். இடப்பக்கத்துப் படகைக் காட்டிவிட்டு முதல் ஆளாக ஏறுகிறான். இருக்கையில் காக்கை எச்சம் காய்ந்திருக்கிறது. கம்பியில் கிடக்கும் துணியை அவன் கை தானாக எடுக்கிறது. நனைத்துப் பிழிகிறது, நான்காக மடிக்கிறது, மூலையிலிருந்து மூலைக்குக் கோடு பிசகாமல் இழுத்துத் துடைக்கிறது. பிறகு அடுத்த இருக்கை, அதற்கடுத்தது. முடித்ததும் ஓரமாக ஒதுங்கி, தலை தாழ்த்தி, ஏறவரும் மனைவி ஜெனிலா பிடித்துக்கொள்ள முன்கையை நீட்டுகிறான். "மெதுவா, மேடம்," என்கிறது வாய். சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுகிறது. கரையில் மாமனாரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. படகுக்காரர் கயிற்று முடிச்சையே பார்க்கிறார். துணியிலிருந்து புது ஷூவில் தண்ணீர் சொட்டுகிறது. ஜெனிலா அந்தத் துணியை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். "அப்பா, இதுதான் நல்ல போட்டு. ஏறுங்க," என்கிறாள், யாரையும் பார்க்காமல்.