டிப்போ வாசல் தூசி

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பெரியக்கா, உங்க மெஷினை வேற யார்கிட்டயும் குடுக்காதீங்கன்னு.”

ஆய்வகத்துப் பெண்ணுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஏறாதா பின்னே? ஒரு மாத உழைப்பு.

காற்றுத் தூசியில் மரபணுவையே மாற்றிவிடும் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. தெரு கூட்டும் இரண்டு பேர் தோளில், தூசியை இழுத்துப் பிடிக்கும் குட்டி மெஷினை மாட்டிவிட்டிருந்தாள். பெரியக்காவுக்குப் பூங்காத் தெரு. சின்னவளுக்கு பஸ் டிப்போ வாசல். அங்கே நாள் முழுக்க டீசல் புகை.

பிடித்த தூசியைக் கரைத்துக் கிருமித் தட்டில் விட்டால், மரபணு மாறிய கிருமி மட்டும் வெள்ளைப் புள்ளியாக முளைக்கும். புள்ளி கூடக்கூட ஆபத்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். சின்னவள் தட்டில் இருபத்தாறு. பெரியக்கா தட்டில் நூற்றுத் தொண்ணூறு!

பூங்காவில் ஏது இவ்வளவு விஷம்? இரண்டு பேரும் மெஷினை மாற்றி மாட்டிக்கொண்டு கூத்தடித்திருக்கிறார்கள், வேறென்ன.

சத்தம் கேட்டு மேஸ்திரியும் வந்துவிட்டார். பெரியக்காவை நிற்கவைத்து வாய்க்கு வந்தபடி திட்டினார். சாயங்காலத்துக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷ வேலை! மகராசி வாயே திறக்கவில்லை.

மேஸ்திரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் பக்கத்தில் வந்தாள்.

“மெஷினை மாத்தலைம்மா. அவளுது அவ தோள்லதான் இருந்துச்சு, என்னுது என் தோள்ல. தெருவைத்தான் மாத்திக்கிட்டோம். டிப்போ வாசலை என் பேர்ல எழுதிக்கங்க, உங்க சோதனை சரியா வரும்.”

ஆய்வகத்துப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பூங்காக் காற்றை விட்டுவிட்டு யாராவது அந்தப் புகைக்குப் போவார்களா? எதற்காக என்று கேட்டாள்.

பெரியக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மேஸ்திரிக்குத் தெரிஞ்சா அவளை வேலையை விட்டு நிறுத்திருவாரு, அதான் பேசலை. இந்தப் புகை வயித்துப் பிள்ளையைக்கூட விடாதுன்னு மெஷின் மாட்டுறப்ப நீங்கதானேம்மா சொன்னீங்க. சின்னவளுக்கு இது மூணாம் மாசம்.”