கதாநாயகர்கள் செத்துப்போன வருடம்

“அந்த லிஃப்ட் மெக்கானிக் படம்தான் எனக்கு ஃபர்ஸ்ட்டு,” என்றாள் இளவரசி. “பாவம், கடைசில செத்துட்டாம்பா.”

அஞ்சும் கைப்பேசியைத் தாழ்த்தினாள்.

அஞ்சும் எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண். வருடம் முடிகிறபோது தெருவில் ஒவ்வொருவரிடமும் அந்த ஆண்டில் பிடித்த படம் எது என்று கேட்டு, வீடியோ எடுத்துப் போடுவாள். அவள் பார்க்காத படம் காஞ்சிபுரத்துக்கு வந்ததில்லை.

“எவன்க்கா செத்தான்?”

“ஹீரோதான். லிஃப்ட் அறுந்து.”

அஞ்சும் வாய்விட்டுச் சிரித்தாள். “அய்ய! கடைசிப் பாட்டுல மொட்ட மாடியில ஆடிக்கினு இருக்கான்க்கா அவன். நீ எந்தத் தியேட்டர்ல பாத்த?”

இளவரசி எந்தத் தியேட்டரிலும் பார்க்கவில்லை.

இந்த வருடத்துப் படங்களை எல்லாம் அவள் தறியில் உட்கார்ந்து கேட்டாள்.

பொங்கல் படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பைபாஸில், அவள் கணவன் உமாபதியின் வண்டியை லாரி உரசியது. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் தம்பி உதயகுமார் அங்கேயே போய்விட்டான். ஓட்டிய உமாபதிக்கு முழங்கையில் சிராய்ப்பு.

காரியம் முடிந்ததும் தறியில் கொழுந்தனின் இடத்தில் இளவரசி உட்கார்ந்தாள்.

உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வரும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் இருப்பவர் ஊடை நூல் சுற்றிய நாடாவை எறிந்தால், கரைப் பக்கம் இருப்பவர் தன் நாடாவால் பதில் சொல்ல வேண்டும்.

அது ஒன்றுதான் அப்போது அவர்களுக்குள் நடந்த பேச்சு. சாப்பிடக் கூப்பிட்டால் உமாபதி தலையை மட்டும் அசைப்பான். மதியத்தில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நெய்யாமல் உட்கார்ந்திருப்பான்.

வீட்டில் ஒளித்துவைக்க வேண்டியவற்றையெல்லாம் அவள் ஒளித்துவைத்தாள்.

பிறகு ஒருநாள் அவன் படத்துக்குப் போனான். அண்ணனும் தம்பியும் எப்போதும் போவதுபோல, முதல் நாள் முதல் காட்சி. தனியாக.

வந்ததும் தறியில் உட்கார்ந்து கதை சொன்னான்.

சண்டைகளை வாயாலேயே போட்டான். காமெடியன் குரலில் பேசினான். நாடா போய் வரும் வேகத்தில் துரத்தல் காட்சி ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கரையில் இழை தப்பியது. அதற்குக்கூட அவன் திட்டவில்லை.

கதை சொல்கிறவன் தன்னை ஒன்றும் செய்துகொள்ள மாட்டான் என்று அவள் நம்பினாள்.

அந்த நம்பிக்கையில்தான் வருடம் ஓடியது. வைகாசியில் கருட சேவைக்கு ஊரே வீதியில் நின்றபோதும் அவன் தியேட்டரில் இருந்தான். அவள் அதற்கும் சந்தோஷப்பட்டாள். நல்ல படமோ மொக்கைப் படமோ, வாரா வாரம் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கட்டும் என்று காமாட்சியிடம் வேண்டிக்கொண்டாள்.

“சரி, அந்தப் போலீஸ் படம்?” என்று இப்போது கேட்டாள். “புலி வளக்குறவன்.”

“புலிதான்க்கா செத்துது. அவனுக்கு புரமோஷன் குடுத்தாங்க.”

“கப்பல் சமையல்காரன்? கடல்ல குதிச்சிடுவானே?”

“கல்யாணம் ஆயி பிரியாணி போடுறான்.” அஞ்சுமின் சிரிப்பு நின்றுவிட்டது. “யாருக்கா உனக்கு இப்டிக் கதை சொன்னது?”

தீபாவளிப் படத்தைப் பற்றி இளவரசி கேட்கவில்லை.

அதில் கதாநாயகன் எல்லாச் சண்டையும் முடிந்த பிறகு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டு, இருட்டுக்குள் நடந்து போனானாம். அன்றைக்கு அவள் சலித்துக்கொண்டாள். “இந்த வருஷம் எல்லாப் படத்துலயும் ஹீரோவ சாவடிச்சிக்கினே இருக்கானுங்க.”

உமாபதி நாடாவைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தான். அவள் இன்னும் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்ததுபோல.

அவள் கேட்கவில்லை. அவன் நாடாவை எறிந்தான். அவள் பதிலுக்கு எறிந்தாள்.

“அவரு இப்பகூட படத்துக்குத்தான் போயிருக்காரு,” என்றாள் இளவரசி. “காலைலயே குளிச்சிட்டு, புதுப் படம்னு சொல்லிட்டுப் போனாரு.”

“இன்னிக்கு செவ்வாக்கெழமைக்கா. இன்னிக்கு ஏது புதுப் படம்?”

இளவரசியின் கைப்பேசி தறி அறையில் இருந்தது. எடுக்க ஓடினாள்.

முந்தின நாள் சாயங்காலம்தான், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு தீர்ந்து, புடவையை அறுத்திருந்தார்கள். புடவையை அறுத்த பிறகும் பாவின் முனைகள் தறியின் சீப்புப் போன்ற அச்சில் கோத்தபடியே தொங்கும். அவற்றை யாரும் தொடுவதில்லை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய முனைகளோடுதான் முறுக்கிச் சேர்ப்பார்கள். அந்த முனைகள் இருந்தால்தான் அடுத்த புடவை.

அச்சின் பல்லுக்குள் வெளிச்சம் தெரிந்தது.

உமாபதி ஒரு இழை மிச்சமில்லாமல் உருவி எடுத்திருந்தான்.

நாடாக்களை எல்லாம் துடைத்து, அவள் உட்காரும் பக்கம் வைத்திருந்தான்.