ரிப்போர்ட் நார்மல்

"மக்கா, ஒனக்கு ஒரு நோயும் இல்ல. எல்லாம் மனசுல உள்ளதாக்கும்!" என்றாள் அன்னக்கிளி.

எதிர் பெஞ்சில் அரைக்கால் சட்டையோடு சாய்ந்து கிடந்த இளைஞன் முனகினான். கொட்டாரத்திலுள்ள அந்த பிசியோதெரபி சென்டருக்குள் அவன் வந்ததே சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

"மனசுல இல்லக்கா, தொடையில! முந்தாநாள் கூட்டுக்காரங்ககூட பந்தயம் வச்சு சிதறால் மலையில நாலு தடவ ஓடி ஏறினேன். இப்ப இருந்தா எழும்ப முடியல்ல. ரெண்டு நாளா வேலைக்கும் போகல்ல."

"எக்ஸ்ரே எடுத்தியா?"

"எடுத்தேன். ரத்தமும் பாத்தாச்சு."

"என்ன வந்துது?"

"எல்லாம் நார்மல்."

"பாத்தியா! ரிப்போர்ட்டுல இல்லாத வலி ஒடம்புல எங்க இருந்து வரும்? வீட்டுல சும்மா இருந்தா இப்பிடித்தான் தோணும். நாலு பாட்டு கேளு, கோயிலுக்குப் போ, சரியாயிரும்."

பக்கத்தில் இருந்த அவள் சிநேகிதி சத்தியபாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு பெண்களுக்குமே பைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்கத் தசை வலிக்கும், உறக்கம் பிடிக்காது, ஆனால் எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. அன்னக்கிளிக்கு மூன்று வருடத்தில் கைகால் பலமெல்லாம் எங்கோ போய்விட்டது. தேங்காய் துருவ ஆள் வேண்டும், பஸ் படி ஏற ஆள் வேண்டும். கடைசியில் நாகர்கோவிலில் ஒரு லேடி டாக்டர்தான் நோய்க்குப் பெயர் சொல்லி, தசைப் பயிற்சிக்கு இங்கே அனுப்பினார். இரண்டு மாதமாக வருகிறாள்.

பிசியோதெரபிஸ்ட் பெபிஷா ஸ்டாப்வாட்ச்சோடு வந்தாள்.

"அன்னக்கிளியக்கா, இன்னைக்கு டெஸ்ட். கையை ஊணாம, முப்பது செகண்டுல நாற்காலியில இருந்து எத்தன தடவ எழும்புதீங்கன்னு பாப்போம். முத நாளு நாலு தடவதான் எழும்பினீங்க."

"இந்தத் தம்பியும் கூட செய்யட்டும்மா. ரிப்போர்ட் நார்மலான பிள்ளையாக்கும்."

மறுக்க வெட்கப்பட்டு அவனும் ஒரு நாற்காலியில் வந்து அமர்ந்தான்.

"ஸ்டார்ட்!"

அன்னக்கிளி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள், இருந்தாள், எழுந்தாள். தொடை வெடவெடத்தது. ஏழாவது தடவையில் கண் இருட்டியது. "ஏட்டி, விட்டுராத!" என்று சத்தியபாய் கத்தினாள்.

அவனோ இரண்டாவது தடவையே "அம்மோ!" என்று அலறினான். மூன்றாவதில் நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பாதி வழியில் மாட்டிக்கொண்டான். சத்தியபாய்தான் பனியனைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"அக்காவுக்குப் பதினொண்ணு!" பெபிஷா துள்ளினாள். "தம்பிக்கு ரெண்டே முக்கா!"

பதினொன்று! வலி இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அன்னக்கிளிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே அவனைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியா? மனசு வச்சா எழும்பலாம். சும்மா நடிக்கப்பிடாது."

அவனுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களும் வலியில கெடக்கவங்கதானேக்கா? ஒரு நோயாளிகிட்ட இப்பிடியா பேசுவாங்க? கொஞ்சம்கூட இரக்கம் கெடையாதா?"

அன்னக்கிளி துண்டால் நிதானமாக முகத்தைத் துடைத்தாள்.

"ஒரு வார்த்தைகூட நான் சொந்தமா சொல்லல்ல டாக்டர். மூணு வருஷமா உங்க கிளினிக்குல நீங்க எனக்குச் சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன்."

எப்போதும் கம்ப்யூட்டரைப் பார்த்தே மருந்து எழுதும் டாக்டர் ஷாஜன், அன்றுதான் முதல் தடவையாக அன்னக்கிளியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.