பெல்ட்டுக்கு வந்த வியாதி

"பெல்ட் எத்தனை தடவை நின்னுது?"

உள்ளே நுழையும்போதே மானேஜர் ஸம்பத்குமார் கேட்டார். தை அமாவாசை உற்சவத்துக்காகத் திருவள்ளூர் போயிருந்தவர், அன்றுதான் கும்மிடிப்பூண்டி பாட்டில் ஃபாக்டரிக்குத் திரும்பியிருந்தார்.

"நீங்க போனதுலேர்ந்து ஒருவாட்டி கூட நிக்கல சார்," என்றான் ஃபோர்மன் தணிகாசலம்.

பையை மேஜைமேல் போட்டுவிட்டு மானேஜர் ஷெட்டுக்கு ஓடினார். பெல்ட்மேல் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று விரிசல் விட்டவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணுக்குப் பெல்ட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

மூன்று மாதமாக அவர் உயிரை வாங்கிய பெல்ட் அது. கரண்ட் இருக்கும், மோட்டார் சூடாகியிருக்காது, திடீரென்று நின்றுவிடும். ஃபிட்டர் ஜெயராஜ் வந்து மூடியைக் கழற்றி ஆற அமர நோண்டுவான். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

மோட்டாரை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள், எலுமிச்சம்பழம்கூட நசுக்கிப் பார்த்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த இஞ்சினியர் நாள் முழுக்கப் பக்கத்திலேயே காவல் இருந்தார். சனியன், அவர் இருந்தவரை அது நிற்கவே இல்லை.

நின்றால் பெண்களுக்குக் கொண்டாட்டம்தான். பெல்ட் ஓடும்போது உட்கார்ந்தாலோ, உடம்பு முடியவில்லை என்றாலோ சீட்டுக் கிழியும். நின்றுவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. மூச்சு இரைக்க இரைக்க முதலில் பெட்டிமேல் உட்காருகிறவள் ஜெயராஜின் மனைவி விக்டோரியாதான்.

"புருஷன் ரிப்பேர் பண்றான், பொண்டாட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறா. நல்ல குடும்பம்," என்று மானேஜரே கிண்டல் செய்திருக்கிறார்.

ஊருக்குக் கிளம்பிய அன்று அவருக்குக் கிண்டல் வரவில்லை. "நான் திரும்பி வரதுக்குள்ள இது இன்னொரு தடவை நின்னா, நீயும் உன் பொண்டாட்டியும் வெளியே போகலாம்," என்று ஜெயராஜிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆரம்பாக்கத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதே இந்த இரண்டு சம்பளத்தில்தான்.

இப்போது அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஷேவ் செய்யாத முகத்தோடு ஜெயராஜ் வந்து நின்றான்.

"ராத்திரி பகலா உழைச்சிருக்கே போலிருக்கு. சொல்லு, என்ன பண்ணினே?"

"ஒண்ணியும் பண்ணல சார். அதும்மேல கைய வெக்காம சும்மா இருந்தேன்."

மானேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "அடக்கத்தைப் பாரு. உன்னை மட்டும் நம்பி நான் உட்கார்ந்திருக்கலை. வியாதி தீரணும்னு எல்லாரும் வீரராகவர் குளத்துல வெல்லம் கரைப்பா. நான் இந்தப் பெல்ட்டுக்காகக் கரைச்சேன். பெருமாள் கைவிடலை."

"சார்..." என்று இழுத்தான் தணிகாசலம்.

மானேஜர் அவனைக் கையமர்த்தினார். அவருக்கு அன்றைக்கு நல்ல செய்தி மட்டும்தான் வேண்டியிருந்தது. ஜெயராஜின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இனிமே நிக்காதுன்னு மேலிடத்துக்குத் தைரியமா எழுதிடலாமா?"

ஜெயராஜ் ஓடுகிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் இல்லை. அதெல்லாம் தீர்ந்து போயிருந்தது.

"எழுதிக்க சார், அத்த நிறுத்தி உக்கார வெக்கறதுக்கு இனிமே யாரு இருக்கா, விக்டோரியாவத்தான் வெள்ளிக்கிழம பொதச்சிட்டேனே."