நீலம் பூத்த குழாய்

ஜூன் 14, மாலை. பைக்கில் புது சைலன்சரை மாட்டிய தம்பி, பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டரைத் தொட மறந்துவிட்டான். அக்கா அந்த வண்டியை மேட்டுச் சாலையில் ஏற்றுகிறாள். சத்தம் அவளுக்கு முன்னே ஓடிக் கடைகளின் கண்ணாடிக் கதவுகளை நடுங்க வைக்கிறது. வண்டியோ பாதி மேட்டில் சோர்ந்து நிற்கிறது. அவன் ஓடி வந்து குனிகிறான். எஞ்சினை ஒட்டிய சைலன்சர் குழாயில் நீலமும் ஊதாவும் புகைபோலப் படர்ந்து, மேற்கு வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் மினுங்குகின்றன. “எவ்வளவு அழகா இருக்கு, பாருக்கா!” என்கிறான். “அழகை வச்சு நான் என்னடா பண்ண? சத்தம் ஊரைக் கூட்டுது, மேட்டைக் கண்டா மூச்சு வாங்குது. நாளன்னிக்கு அம்மாவைப் பின்னாடி உட்கார வச்சு ஆஸ்பத்திரிக்கு இதே மேட்டைத்தான் ஏறணும்.” அவன் கை குழாயை நெருங்குகிறது, தொடும் முன்பே சூடு விரல்களைத் தள்ளுகிறது. மெக்கானிக் வகுப்பில் கேட்டது மெதுவாக மிதந்து வருகிறது: புகை தாராளமாக வெளியேறினால் உள்ளே காற்று கூடும், அதற்கேற்ற பெட்ரோல் கிடைக்காத எஞ்சின் கொதித்து, இழுவையை இழக்கும். அவன் அழகென்று பார்த்த நீலம் எஞ்சினின் காய்ச்சல். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி அவன் தலையில் கவிழ்க்கிறாள். “பின்னாடி பிடிடா, என்ஜினியரே.” எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை இருவரும் இறக்கத்தில் உருட்டிப் போகிறார்கள், சக்கரங்களின் கிசுகிசுப்பு மட்டும் கேட்கிறது. நாளை காலை பழைய சைலன்சரை மாட்டி, அம்மாவுக்குப் பதில் அக்காவைப் பின்னால் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி வாசல் வரை ஏறிப் பார்க்க வேண்டும்.